சாய்த்தால் பாதி கனம்

நான் மூன்று வருஷம் கல்லூரியில் பௌதிகம் படித்தேன். அந்தப் படிப்பை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் உண்மையாகப் பயன்படுத்திப் பார்த்தேன். ஒரு மனிதருக்கு இடது பக்கத்துக் காறையெலும்பு உடைந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன். (பிற்பாடு வாத்தியாராகி முப்பது வருஷம் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அது வேறு விஷயம். அதில் யாருக்கும் எதுவும் உடையவில்லை, எனக்குத் தெரிந்தவரை.)

அந்த மனிதரின் பெயர் ஏகாம்பரம். என் அம்மாவின் அண்ணன் மகன். எனக்கு மச்சான் முறை, ஐந்து வயது பெரியவர். பாகூரில் ஒரு ரைஸ் மில்லில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற வேலை பார்த்தார். அவருக்கும் என் அக்கா அஞ்சலைக்கும் கல்யாணம் என்று பெண்கள் எல்லோரும் எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். அக்காவும் முடிவு செய்திருந்தாள். என் அப்பா மட்டும் செய்யவில்லை. எங்களுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு என்று நிலம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அப்பா அரை ஜமீன்தார் போலப் பேசுவார்.

"மூட்டை தூக்கறவனுக்கு என் பொண்ணா? காக்கிச் சட்டை போட்டுக்கினு வரட்டும். அன்னிக்கே குடுக்கறேன்" என்று ஒருநாள் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவர் சொன்னது ஒரு மறுப்பு. அக்கா அதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள்.

அந்த வருஷமே போலீஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மச்சான் மனுப் போட்டார். ஓட்டம் அவருக்குப் பிரச்சினை இல்லை. உயரம் தாண்டலாம், கயிறு ஏறலாம். இடித்தது மார்பளவு. மூச்சை இழுத்துப் பிடித்து விரித்துக் காட்டவேண்டிய அளவுக்கு ஓர் அங்குலம் குறைந்தது. மூட்டை தூக்குகிறவர்களுக்கு உடம்பெல்லாம் முதுகிலும் தொடையிலும் இருக்கும். மார்பைக் கேட்டு யாரும் மூட்டை ஏற்றுவதில்லை.

மில்லுக்குப் பின்னால் நெல் காயவைக்கும் களத்தை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை உண்டு. அதில் ஊர்ப் பையன்கள் சேர்ந்து பயிற்சிக் கூடம் நடத்தினார்கள். கூடம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். இரண்டு கர்லாக் கட்டை, ஒரு பெஞ்சு, பத்து கிலோ இருக்கும் ஓர் இரும்பு ராடு, அவ்வளவுதான். பெஞ்சில் மல்லாந்து படுத்து ராடை மார்பிலிருந்து மேலே தள்ளினால் மார்பு விரியும் என்று, கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகன் சலீம் எங்கோ கேட்டுவிட்டு வந்து சொன்னான். எடைக்குத் தட்டு கிடையாது. மில் தராசின் இருபது கிலோ எடைக்கற்களைத் தேங்காய் நார்க் கொச்சக்கயிற்றால் ராடின் இரண்டு முனையிலும் கட்டிக்கொள்வார்கள். மச்சான் பக்கத்துக்கு ஒரு கல்லாகக் கட்டி ஐம்பது கிலோவைத் தினமும் தள்ளிக்கொண்டிருந்தார். முக்கல், முனகல், பல்லைக் கடித்தல் எல்லாம் உண்டு. இரண்டு மாதத்தில் மார்பு அரை அங்குலம் ஏறியது. மீதி அரை அங்குலத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

இந்த இடத்தில் விஞ்ஞானம் உள்ளே வந்தது. அதாவது நான்.

எங்கள் வீட்டில் அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டான். படிப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தக் காலத்தில் என்னைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் ஓர் அறை விடத் தோன்றியிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் பேனா. புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் உராய்வு விசையைப் பற்றிப் பேசுவேன். அம்மா கிணற்றில் நீர் இறைத்தால் ராட்டினத்தின் தத்துவத்தை விளக்குவேன். கயிற்றை மட்டும் தொடமாட்டேன்.

அந்த வாரம் வகுப்பில் சாய்தளம் நடந்தது. ஒரு பாரத்தை நேராகத் தூக்குவதைவிடச் சாய்ந்த பலகையின் மேல் தள்ளிக்கொண்டு போவது சுலபம், பலகை முப்பது பாகை சாய்ந்திருந்தால் பாதி விசை போதும் என்று பேராசிரியர் சொன்னார். சைன் முப்பது, அரை. அன்று மாலை மில் பக்கம் போனேன். டீசல் டிரம் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் அசைக்க முடியாத டிரம்மை, மூட்டை ஏற்றும் பலகையை லாரிக்குச் சாய்த்துப்போட்டு, மச்சானும் இன்னொருவரும் உருட்டிக்கொண்டே மேலே கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. புத்தகத்தில் இருப்பது பாகூரில் நடக்கிறது!

"மச்சான், நீங்க பெஞ்சுல படுத்துத் தள்றதே தப்பு" என்றேன்.

"இன்னாடா தப்பு?"

"பெஞ்சச் சாய்க்கணும். முப்பது பாகை சாய்ச்சா தொண்ணூறு கிலோ உங்க கைக்கு நாப்பத்தஞ்சு கிலோவாத்தான் தெரியும். ஆனா மாருக்கு அது தொண்ணூறு. ஒரே வாரத்துல விரிஞ்சுடும்."

கைக்குப் பாதியாகும் கனம் மார்புக்கு மட்டும் எப்படி முழுதாக இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மச்சான் வேறு ஒன்று கேட்டார். தலையைச் சொறிந்துகொண்டு, லாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்.

"டிரம்மு பலகை மேல இருக்குதுடா. பலகை தாங்குது. ராடு என் கையில இல்ல இருக்குது? பலகை என்னைத்தானே தாங்கும்? ராடு இருக்கறதே அதுக்குத் தெரியாதே?"

அன்று பாகூர் கொம்யூனில், அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதிலுமே, சாய்தளத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்த ஆள் அவர் ஒருவர்தான் என்று இப்போது சொல்கிறேன். அன்று நான் சொன்னது வேறு. எழுதவே கை கூசுகிறது.

"நீங்க எட்டாவது பெயிலு மச்சான். இதெல்லாம் சைன் தீட்டா. சொன்னாப் புரியாது."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு சிரித்தார். "சரிடா, படிச்சவன் சொல்றே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு விடுமுறை. எடைக்கற்கள் நாலும் கிடைக்கும். காலையில் பலகையைக் கொட்டகைக்குத் தூக்கிவந்து, ஒரு முனையைத் தவிட்டு மூட்டைகளின் மேல் ஏற்றினோம். நான் என் கணிதப் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்துப் பலகையின் ஓரத்தில் நூலால் கட்டி, அதில் சாவியைத் தொங்கவிட்டுக் கோணம் பார்த்தேன். முப்பத்திரண்டு காட்டியது. இரண்டு பாகை அதிகம். மூட்டையைத் தட்டி அமுக்கி முப்பதுக்குக் கொண்டுவந்தேன். (ஆளைக் கொல்வதானாலும் அளவு சரியாக இருக்கவேண்டும் அல்லவா.)

ஏறும்போது கால் வழுக்காமல் இருக்க அந்தப் பலகையில் குறுக்குச் சட்டங்கள் அடித்திருப்பார்கள். மச்சான் ஒரு சட்டத்தின் மேல் உட்கார்ந்து சாய்ந்தார். மற்ற சட்டங்கள் முதுகைக் குத்தின. "முதுகுக்குப் பழக்கம்தான்" என்றார். பக்கத்துக்கு இரண்டு கல்லாகக் கட்டி, ராடை ஒரு முனையில் நானும் மறுமுனையில் சலீமும் பிடித்துத் தூக்கி அவர் கையில் கொடுத்தோம். கொடுக்கும்போதே என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதுவே எனக்கு எதையாவது சொல்லியிருக்கவேண்டும்.

"புடிச்சிக்கினே இருப்போம்பா" என்றான் சலீம்.

"கைய எடு. நீ புடிச்சா கணக்குத் தப்பாயிடும்" என்றேன்.

அவன் மச்சானைப் பார்த்தான். மச்சான் என்னைப் பார்த்தார். நான் முதலில் கையை எடுத்தேன்.

என்ன நடந்தது என்று பௌதிகப்படி சொல்லிவிடுகிறேன், அது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ராடு எந்தப் பெஞ்சிலும் நேர்கீழாகத்தான் இழுக்கும். பெஞ்சு படுகிடையாக இருந்தாலும் சாய்ந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. தொண்ணூறு என்றால் தொண்ணூறு. பெஞ்சைச் சாய்ப்பதால் மாறுவது தூக்குகிறவனின் உடம்பு. தலைப்பக்கம் உயர உயர மார்பின் பெரிய சதைக்கு வேலை குறைந்து, சுமை தோளுக்கும் மேல்மார்புக்கும் போய்விடும். படுத்தபடி ஐம்பது தள்ளுகிறவன் சாய்ந்துகொண்டு ஐம்பதைக்கூடத் தள்ளமாட்டான். தலைப்பக்கம் தாழ்ந்திருந்தாலாவது கொஞ்சம் கூடத் தள்ளலாம். ஆக, எல்லாக் கோணங்களிலும் பார்த்து நான் தேர்ந்தெடுத்தது கெட்ட கோணம். அதில் அவர் தாங்கக்கூடியதைப்போல இரண்டு மடங்கை வைத்தேன்.

பார்த்தபடி சொல்வதென்றால், அவர் கைகள் ஒரு நொடி நின்றன. கயிற்றில் தொங்கிய கற்கள் ஆடின. பிறகு கைகள் மடங்கின. ராடு அவர் கழுத்துக்குச் சற்றுக் கீழே, இடது பக்கமாக இறங்கியது. பச்சைக் கரும்பை ஒடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. அவர் கத்தவில்லை. சலீம்தான் கத்தினான். நான் பாகைமானியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், முப்பதுதானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

கரும்பு ஏற்றிக்கொண்டு போன ஒரு டிராக்டரை மறித்து, அவரைக் கரும்புக் கட்டின் மேலேயே சாய்த்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பல்லைக் கடித்தார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பாதி வழியில் ஒன்று உறைத்தது. என் சூத்திரப்படி, பெஞ்சு படுகிடையாக இருந்தால் கோணம் பூஜ்யம். சைன் பூஜ்யம், பூஜ்யம். அதாவது மட்டமான பெஞ்சில் ராடுக்குக் கனமே இருக்கக்கூடாது. குழந்தைகூடத் தூக்கலாம். அவரோ இரண்டு மாதமாக என் கண் எதிரே அதே மட்டமான பெஞ்சில் ஐம்பது கிலோவுக்கு உயிரை விட்டுக்கொண்டிருந்தார். என் கணக்குத் தப்பு என்று தெரிந்துகொள்ள ஓர் எலும்பு உடைந்திருக்கத் தேவையில்லை. ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை நான் போடவில்லை.

"இன்னாடா முணுமுணுக்கறே?" என்றார்.

"தப்பு மச்சான். என் கணக்கு தப்பு."

"இப்பச் சொல்லு" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு மறுபடியும் பேசினார். "உங்க அப்பன்கிட்ட ராடு கீடுன்னு உளறாத. லீவுன்னாலும் அவசர லோடு, மூட்டையோட பலகையிலேருந்து வுழுந்துட்டன்னு சொல்றேன். உன்னத் தோல உரிச்சுடுவாரு."

நான் "வேண்டாம், நானே சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கவேண்டும். "சரி மச்சான்" என்றேன்.

அப்பா செய்தியைக் கேட்டு, "பலகையில ஒழுங்கா நடக்கத் தெரியாதவன் போலீசாம்!" என்று அக்கா காதில் விழும்படி சொன்னார். நான் பக்கத்தில் நின்று கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். வாயில் கஞ்சி இருந்தது, அதனால் பேசவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் செய்த காரியங்களில் ராடைவிட இதுதான் கேவலம்.

ஆறாம் நாள் தேர்வு. கட்டோடு போகவேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். மச்சான் கேட்கவில்லை. கூட நான் போனேன். மைதானத்தில் சட்டையைக் கழற்றிய நூறு பேர் வரிசையில் நின்றார்கள். அவர் மட்டும் மார்பைச் சுற்றிக் கட்டும், கையைத் தாங்கக் கழுத்தில் துணித் தொட்டிலுமாக நின்றார். அளவு நாடா வைத்திருந்த ஆள், "ரெண்டு கையையும் தூக்கு" என்றார்.

"ஒண்ணுதான் சார் வரும்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. நாடாக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன தோன்றியதோ, அந்தக் கட்டின் மேலேயே நாடாவைச் சுற்றிப் பார்த்தார். வீக்கமும் கட்டும் சேர்ந்து மார்பளவு சரியாக இருந்தது. குறைந்திருந்ததற்கு மேலேயே ஏறியிருந்தது. "மாரு பாசாயிடுச்சு. ஆளுதான் பெயிலு. போப்பா" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மச்சான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும், "விரிஞ்சுடும்னு சொன்னியே, விரிஞ்சுதான் போச்சு" என்றார். இது வேடிக்கைக்குச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். அக்கா தட்டை வைத்தாள். தட்டில் சோறு இல்லை, என் பாகைமானி இருந்தது. அதில் நூல் கட்டியபடியே இருந்தது. பாகைமானியின் ஓரத்தில் என் பெயரை நானே காம்பஸ் முள்ளால் கீறியிருந்தேன். பலகையில் கட்டியிருந்ததை எடுத்து, காணாமல் போய்விடப்போகிறதே என்று பத்திரமாக வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் சலீம். என்ன ஏது என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

சொன்னேன். அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் கேட்டார்கள். சைன் முப்பதையும் விடாமல் சொன்னேன். அப்பா அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதுக்காகக் கை வெளங்காதவனுக்கு எப்பிடிக் குடுக்கறது?" என்றார்.

"போலீசு வேணும்னு நீதான் சொன்னே. நான் சொன்னனா?" என்றாள் அக்கா. அப்பாவை அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எலும்பு கோணலாகக் கூடியது. இடது தோள் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. அந்தக் கை தோளுக்கு மேல் எழவேயில்லை. மூட்டை தூக்க முடியாதென்று ஆனபிறகு மில்லில் அவரைத் தராசில் எடை போட உட்காரவைத்தார்கள். அதே நாலு எடைக்கற்கள். அக்கா வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். என்னோடு பதினோரு மாதம் பேசவில்லை. சோறு போடுவாள், போதுமா என்று கேட்கமாட்டாள். இரண்டு வருஷம் கழித்து அப்பா தளர்ந்துபோய் ஒத்துக்கொண்டார். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். போட்டோக்காரர் மூன்று முறை சரிசெய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அதன்பிறகு அது வீட்டில் வேடிக்கைக் கதையாகிவிட்டது. எப்படி ஆயிற்று என்று தெரியவில்லை. மச்சான்தான் ஆரம்பித்திருக்கவேண்டும். பீரோ நகர்த்தினாலும், கேஸ் சிலிண்டர் வந்தாலும், அக்காவின் பிள்ளைகள், "மாமாவக் கூப்புடு, சாய்ச்சு வச்சுப் பாதியாக்கிடுவாரு" என்பார்கள். நான் சிரிப்பேன். அக்காவும் சிரிப்பாள், ஆனால் என் பக்கம் பார்க்காமல். பள்ளியில் சாய்தளம் நடத்தும் நாட்களில் எனக்குக் காலையில் சாப்பாடு இறங்காது.

அக்கா கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்குப் பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். ஏழு மாதம் அவரைத் தூக்கி உட்காரவைத்ததும் குளிப்பாட்டியதும் மச்சான்தான், வலது கையாலேயே. வேறு யார் தூக்கினாலும் அப்பாவுக்கு வலிக்குமாம். "ஏகாம்பரத்தக் கூப்புடு" என்று முனகுவார். அந்தக் கை வெளங்காதவனைத்தான்.

அப்பா போனபோது அண்ணன் கொள்ளிச்சட்டி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். பாடையின் முன்பக்கத்தில் இடது புறம் நான். எனக்கு நேர் பின்னால் மச்சான், கம்பு வலது தோளில் இருக்கும்படி அந்தப் பக்கத்தையே கேட்டு வாங்கிக்கொண்டார். வயலைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால் கரை உண்டு. ஏறி, மறுபக்கம் செங்குத்தாக இறங்கவேண்டும். இறங்கும்போது பாடை முன்பக்கம் சாய்ந்தது. கம்பு என் தோளை அமுக்கியது. கால் ஒரு நிமிஷம் தடுமாறியது.

பின்னாலிருந்து மச்சான் குரல் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சாய்ஞ்சிடுச்சுடா. பாதிதான் இருக்கும். தூக்கு."

தூக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கதை ஊருக்கே தெரியும், கூட வந்தவர்களும் சிரித்தார்கள். கொள்ளிச்சட்டி எடுத்தவன் திரும்பிப் பார்க்கக்கூடாது, அதனால் அண்ணனின் முதுகு மட்டும் குலுங்கியது. அழுதானா சிரித்தானா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் நீரும் வந்து வழி தெரியவில்லை.

சாய்ந்த சுமை தாழ்ந்த பக்கத்துக்காரன் மேல்தான் கூடுதலாக இறங்கும். பௌதிகம் படித்த எனக்குத் தெரியும், மில்லில் மூட்டை ஏற்றிய அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அன்று தாழ்ந்த பக்கத்தில் இருந்தவன் நான். பாதியெல்லாம் இல்லை. என் பங்குக்கு மேலேயே இருந்தது. கரை இறங்கி முடிக்கும்வரை தோளை மாற்றிக்கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போனேன்.